சில்லுச் சப்பாத்துகளுக்கும் அந்த மண்டபத்தில் இடம் தாருங்கள்

மண்டப நிர்வாகக் குழுவின் மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். செவ்வாய்க்கிழமை மாலைகளில் இரண்டு மணித்தியாலம் நமது சமூக மண்டபத்தை, சில்லுச் சப்பாத்து அணிந்து ஆடும் ரோலர் டெர்பி என்ற விளையாட்டின் பயிற்சிக்கு வாடகைக்குத் தருமாறு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தை நிராகரித்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தரை பழுதாகும் என்றும், காயம் ஏற்பட்டால் மண்டபம் பொறுப்பேற்க வேண்டிவரும் என்றும், ஒருவரையொருவர் இடித்து விழுத்தும் இந்த விளையாட்டு நமது பெண்பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்றும் அதில் குறிப்பிட்டிருந்தீர்கள். இதற்குத் தனிக் கடிதமாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இந்த மண்டபம் இருபது டொலர், ஐம்பது டொலர் என்று ரொறன்ரோவின் தமிழ்க் குடும்பங்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் எழுந்தது. அதன் கூரையின்கீழ் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்ற பேச்சு அந்தக் குடும்பங்களின் காதிலும் விழ வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று காரணங்களில் கடைசிக் காரணத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது உண்மையாக இருக்குமானால் தரையைப் பற்றியும் காப்புறுதியைப் பற்றியும் பேசுவதற்கு எதுவுமே இல்லை. என் மகள் பதினாறு வயதில் இந்த விளையாட்டில் சேர்ந்தபோது எனக்கும் அதே எண்ணந்தான் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் தடத்தின் ஓரத்தில் நின்று பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ரோலர் டெர்பியில் பந்து கிடையாது. நான்கு சில்லுள்ள சப்பாத்துகளை அணிந்துகொண்டு, நீள்வட்டமான தடம் ஒன்றில், இரண்டு அணிகள் இடஞ்சுழியாக ஓடும். ஒவ்வோர் அணியிலிருந்தும் ஐந்து பேர் தடத்தில் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் மட்டுமே புள்ளி எடுக்கக் கூடியவர். ஜாமர் என்று அழைக்கப்படும் அவருடைய தலைக்கவச உறையில் பெரிய நட்சத்திரம் ஒன்று இருக்கும். மற்ற நால்வரும் தடுப்பவர்கள். அவர்களுள் ஒருவர் கோடு போட்ட உறை அணிந்த பிவட் ஆக இருக்கலாம். ஊதுகுழல் ஊதியதும் இரண்டு ஜாமர்களும் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டிச் செல்ல முயல்வார்கள். முதல் முறை தாண்டுவதற்குப் புள்ளி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும், விதிப்படி தாண்டிய ஒவ்வொரு எதிரணித் தடுப்பாளருக்கும் ஒரு புள்ளி. இப்படியான ஓட்டம் ஒன்று அதிகபட்சம் இரண்டு நிமிடம் நீடிக்கும். அதற்கு ஜாம் என்று பெயர். முப்பது விநாடி இடைவெளி விட்டு அடுத்த ஜாம் தொடங்கும். அரைமணி நேரம் கொண்ட இரண்டு பாதிகள் முடியும்போது எந்த அணியிடம் புள்ளி அதிகமோ அது வென்றது.

ஊரில் கிளித்தட்டு, அதாவது தாச்சி, ஆடியவர்கள் உங்கள் குழுவில் பலர் இருக்கிறீர்கள். கோட்டில் நின்று மறிப்பவரை ஏமாற்ற, இடப்பக்கம் போவதுபோல் தோளைக் காட்டி வலப்பக்கத்தால் நழுவுவோமே, அந்தக் கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மறிப்பவர் நால்வர் தோளோடு தோள் சேர்ந்து சுவராக நிற்கிறார்கள், அந்தச் சுவரும் நகர்ந்துகொண்டே இருக்கிறது, நழுவுபவரின் காலடியில் சில்லு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ரோலர் டெர்பியில் பாதி உங்களுக்கு விளங்கிவிடும். முதன்முதலாக என் தாயாரை ஆட்டம் பார்க்கக் கூட்டிச் சென்றபோது, பக்கத்தில் இருந்து நான் விளக்கிக்கொண்டிருந்த எதையும் அவர் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் அவரே "இது தாச்சியல்லவா" என்றார். அதன் பிறகு எந்தப் பிள்ளை எங்கே இடைவெளி விட்டாள் என்று எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மீதிப் பாதி கிளித்தட்டில் இல்லாதது. இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் தாக்கவும் தடுக்கவும் வேண்டும் என்பதே அது. ஒரு தடுப்பாளர் எதிரணி ஜாமரை இடுப்பால் மறித்துக்கொண்டே தன் அணி ஜாமருக்கு வழி திறந்துவிட வேண்டியிருக்கிறது. இரண்டு வேலையையும் அதே கால்களால், அதே நொடியில் செய்ய வேண்டும். இரண்டு அணித் தடுப்பாளர்களும் ஒருவருக்கொருவர் பத்தடி தூரத்துக்குள் கூட்டமாக இருந்தால்தான் தடுப்பதே சட்டப்படி செல்லும். ஓடிப்போகும் ஜாமரைத் துரத்திக்கொண்டு கூட்டத்தை விட்டு இருபதடிக்கு மேல் விலகினால் மறிக்கும் உரிமை போய்விடும். ஜாமர்களில் முதலாவதாகக் கூட்டத்தை விதிப்படி கடந்து வெளியே வருபவருக்கு முதன்மை ஜாமர் என்ற தகுதி கிடைக்கிறது. அவர் தன் இரு கைகளாலும் இடுப்பைத் திரும்பத் திரும்பத் தட்டினால் ஜாம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். நான்கு புள்ளி எடுத்த கையோடு, எதிரணி ஜாமர் புள்ளிக்கு வரும் முன்பே இடுப்பைத் தட்டி ஆட்டத்தை நிறுத்துவதா, இன்னொரு சுற்று ஓடிப் பார்ப்பதா என்று மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும். களைத்துப்போன ஜாமர் தன் நட்சத்திர உறையைக் கழற்றிப் பிவட்டின் கையில் கொடுத்து அவரையே ஜாமர் ஆக்கவும் வழியுண்டு. அந்தக் கைமாற்றத்தின்போது உறை தரையில் விழுந்துவிட்டால் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

இடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது. ஆம், இது உடலோடு உடல் மோதும் விளையாட்டு. ஆனால் எதனால் மோதலாம், எங்கே மோதலாம் என்று விதி அங்குலக் கணக்கில் சொல்கிறது. தோள், மேற்கை, நெஞ்சுப்பகுதி, இடுப்பு, மேல்தொடை ஆகியவற்றால் தடுக்கலாம். முழங்கை, முன்கை, கை, தலை, காலின் கீழ்ப்பகுதி எதனாலும் தடுக்கக் கூடாது. முதுகில் இடிக்கக் கூடாது; தலையைத் தொடவே கூடாது; தொடையின் நடுவுக்குக் கீழே தட்டி விழுத்தக் கூடாது. மீறினால் முப்பது விநாடி தண்டனைப் பெட்டியில் இருக்க வேண்டும். அந்த அணி அவ்வளவு நேரமும் ஓராள் குறைவாகவே ஆட வேண்டும். ஒருவர் ஏழு முறை தண்டனை பெற்றால் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்படுவார்.

அத்துடன், ஒரு நல்ல இடியின் நோக்கம் மற்றவரை நோகச் செய்வதல்ல. தடத்துக்கு வெளியே தள்ளப்பட்ட ஜாமர், தன்னைத் தள்ளியவருக்குப் பின்னால்தான் மீண்டும் உள்ளே வரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஆகவே தள்ளிய பெண் உடனே திரும்பித் தடத்தில் பின்னோக்கி ஓடுவாள். வெளியே இருப்பவளும் அவளோடு சேர்ந்து அத்தனை அடி பின்னே போக வேண்டும். ஓர் இடியால் கிடைப்பது இந்தப் பத்துப் பதினைந்தடித் தூரமும் சில விநாடிகளுந்தான். விழுந்தவள் எழுந்து நிற்கும் வேகத்தைப் பார்த்தால் இது உங்களுக்கே புரியும்.

நான் தண்டனைப் பெட்டியில் நேரம் பார்க்கும் தொண்டராக இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கையில் நிறுத்தற்கடிகாரம், முன்னால் வரிசையாக மடக்குக் கதிரைகள். வந்து அமர்பவரின் முழங்கால் காப்பு கதிரையில் தட்டும் சத்தத்தோடு கடிகாரத்தை அழுத்துவேன். இருபதாவது விநாடியில் "எழுந்து நில்" என்று சொல்ல வேண்டும். கடைசிப் பத்து விநாடியும் அவர் நின்றபடி காத்திருப்பார். முப்பதில் "போகலாம்" என்பேன். கடந்த இலையுதிர்காலத்தில் ஓர் ஆட்டத்தில் என் மகளே அந்தக் கதிரைக்கு வந்தாள். முன்கையால் தள்ளினாள் என்பது குற்றம். பற்காப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, வியர்வை கண்ணில் வடிய, அவள் என்னைப் பார்க்கவில்லை, தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிப் பேசும் பிள்ளை, நடுவர் கை காட்டியதும் மறுபேச்சில்லாமல் வந்து அமர்ந்து, தன் அணி நான்கு புள்ளி இழப்பதைப் பேசாமல் பார்த்திருந்துவிட்டு, சொன்னவுடன் எழுந்து போனாள். பெண்பிள்ளைக்கு உகந்தது எது என்று நாம் பேசும்போது இந்த முப்பது விநாடியையும் கணக்கில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உங்களில் மூத்த ஒருவர், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பழைய நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், அது சண்டைக் காட்சிதான் என்றும் சொன்னாராம். அவர் பார்த்தது பொய்யல்ல. ஆனால் அது வேறு காலத்தின் ஆட்டம். 1935 ஓகஸ்ட் 13ஆம் திகதி சிகாகோ கொலிசியத்தில் லியோ செல்ட்சர் என்பவர் முதல் ரோலர் டெர்பியை நடத்தினார். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், மலிவான நுழைவுச்சீட்டுக்குக் கூட்டம் சேர்த்த அது, ஆணும் பெண்ணும் சோடி சோடியாகப் பல வாரம் சுற்றிச் சுற்றி ஓடும் நெடுந்தூரப் பந்தயமாகத்தான் இருந்தது. நெருக்கத்தில் ஓடுபவர்கள் முட்டி மோதும் இடங்களில் கூட்டம் ஆரவாரிப்பதைக் கண்ட பிறகே, 1930களின் பிற்பகுதியில், மோதலும் புள்ளியும் விதிகளுக்குள் வந்தன. பெண்களும் ஆண்களும் ஒரே விதியில், ஒரே தடத்தில் ஆடியது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். பின்னர் தொலைக்காட்சி வந்தது. பார்வையாளரைப் பிடித்து வைக்கச் சண்டைகளும் நாடகமும் கூடின. செல்ட்சர் குடும்பத்தின் அமைப்பு 1973இல் மூடப்பட்டது. அதன் பிறகும் நாடகத்தனமான சில வடிவங்கள் சின்னத்திரையில் வந்து போயின.

இன்றைய ஆட்டம் 2001இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒஸ்டின் நகரப் பெண்கள் சிலரால் புதிதாகத் தொடங்கப்பட்டது. அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்து பிரிந்த ஒரு பகுதியினர் 2003 முதல் சமதளத்தில் ஆடத் தொடங்கினார்கள். பழைய ஆட்டம் சாய்வாக உயர்த்திக் கட்டிய மரத் தடத்தில் நடந்தது. அதைக் கட்டவும் கழற்றவும் வைக்கவும் பெரும் பணமும் இடமும் வேண்டும். சமதளத் தடத்துக்குத் தேவையானது ஒரு வெறும் தரை, கொஞ்சம் கயிறு, அதன்மேல் ஒட்ட நிற நாடா, அவ்வளவே. கோட்டைப் பார்க்காமலே சில்லினால் உணர்வதற்காகத்தான் நாடாவுக்கு அடியில் கயிறு. இந்த எளிமையினால்தான் ஒரு நகரத்து விளையாட்டு சில ஆண்டுகளில் உலகம் எங்கும் பரவியது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் பல ஊர்க் கழகங்கள் கூடி மகளிர் சமதளத் தட டெர்பிச் சங்கத்தை அமைத்து, பொதுவான விதிநூலை எழுதின. 2011 டிசம்பரில் முதலாவது உலகக் கிண்ணம் நடந்தது நமது ரொறன்ரோவில், டவுன்ஸ்வியூவில்தான். பதின்மூன்று நாடுகள் வந்தன; அமெரிக்கா வென்றது, கனடா இரண்டாம் இடம் பெற்றது. 2018இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ணத்தில் 38 அணிகள் ஆடின. நமது வீடுகளிலிருந்து வாகனத்தில் போகக்கூடிய தூரத்தில் உலகக் கிண்ணம் நடந்தபோது நம்மில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்படக்கூட இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அந்தச் சங்கம் தன்னை ஆடுபவர்களாலேயே, ஆடுபவர்களுக்காகவே நடத்தப்படுவது என்று சொல்லிக்கொள்கிறது. எங்கள் சிறு குழுவில்கூட அது அப்படியே நடக்கிறது. முதலாளி கிடையாது, சம்பளம் வாங்குபவர் கிடையாது. ஆடும் பெண்களே சந்தா கட்டி, கணக்கு எழுதி, நாடா ஒட்டி, கதிரை அடுக்கி, நடுவர்களுக்குச் சாப்பாடு கட்டுகிறார்கள். தாதியர், ஆசிரியர், பேருந்துச் சாரதி, பல்கலைக்கழக மாணவி என்று பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வருபவர்கள் அவர்கள். ஒரு நூலகத்தையோ விளையாட்டுக் கழகத்தையோ சனசமூக நிலையத்தையோ நமது ஊர்களில் எப்படிக் கட்டி எழுப்பினோமோ, நீங்கள் இந்த மண்டபத்தை எப்படிக் கட்டி எழுப்பினீர்களோ, அதே வழியில்தான் அவர்களும் இதைக் கட்டுகிறார்கள்.

உடல்வாகைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்காக ஆடியபோது அந்த உயரத்தை நாமெல்லாரும் பெருமையோடு கொண்டாடினோம். ஆனால் வலைப்பந்தில் உயரமில்லாத பிள்ளைக்கு, ஓட்டத்தில் கனமான பிள்ளைக்கு, நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் "நீ பார்த்துக்கொண்டிரு" என்பதே. இந்த விளையாட்டில் குள்ளமான பெண் மற்றவர்களின் தோளுக்குக் கீழால் நழுவுகிறாள்; அகன்ற இடுப்புள்ள பெண்ணை அசைக்க முடியாமல் எதிரணி திணறுகிறது. எங்கள் குழுவில் மிகச் சிறந்த தடுப்பாளர் நாற்பத்திரண்டு வயதான ஒரு தாய். பள்ளிக்கூட நாள்களில் எந்த அணியிலும் தன்னைச் சேர்த்ததில்லை என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் குரல் இறங்கியிருந்தது. நமது பெண்களில் எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லக்கூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனிக் காயம். காயமே படாது என்று எழுதினால் நான் பொய் சொன்னவளாவேன். கணுக்கால் முறிவும் முழங்கால் தசைநார்க் காயமும் தலையில் அதிர்ச்சியும் இந்த விளையாட்டில் ஏற்படுவதுண்டு. சென்ற ஆண்டு எங்கள் குழுப் பெண் ஒருவருக்குக் கணுக்கால் முறிந்து தகடு வைக்க வேண்டியிருந்தது. நானே வைத்தியசாலையில் அவருடன் இருந்தேன். ஆகவேதான் தலைக்கவசம், பற்காப்பு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் காப்புகள் எல்லாம் இல்லாமல் ஒருவரும் தடத்தில் கால் வைக்க முடியாது. புதிதாக வருபவருக்கு முதலில் கற்பிப்பது ஓடுவதை அல்ல, விழுவதை. உடலைச் சுருக்கி, முழங்கால் காப்பின்மேல் விழுந்து, விரல்களை மடக்கிக் கைமுட்டியாக்கிக்கொண்டு, மற்றவர் சில்லின் வழியில் கிடக்காமல் உடனே எழ வேண்டும். அதை வாரக்கணக்கில் செய்து காட்டிய பிறகே ஒருவரோடொருவர் மோதும் பயிற்சிக்கு விடுவார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மோதல் படிப்படியாகத்தான் அனுமதிக்கப்படுகிறது. தொடக்க நிலையில் மோதலே கிடையாது. எங்கள் குழுவுக்குப் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறது. மண்டபத்தின் பெயரையும் அதில் சேர்த்துச் சான்றிதழைத் தருவோம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். இதே மண்டபத்தில் உள்ளரங்கத் துடுப்பாட்டம் ஆடும் தம்பிமாரில் ஒருவருக்கு விரல் முறிந்ததும், உதைபந்தாட்டத்தில் இன்னொருவருக்கு முழங்கால் போனதும் நமக்கெல்லாம் தெரியும். அந்த விளையாட்டுகளை நீங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. அதே அளவுகோலை எங்களுக்கும் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தரையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நானும் அந்தத் தரைக்குப் பணம் கொடுத்தவள். எங்கள் சில்லுகள் பொலியூரிதேனால் ஆனவை, இரும்பு அல்ல. துடைத்த சில்லு மரத்தரையைக் கீறுவதில்லை. வெளியில் வீதியில் ஓடிய சில்லில் ஒட்டிவரும் மணல்தான் கீறும். ஆகவே மண்டபத்துக்குள் ஓடும் சில்லை வெளியில் பாவிக்க மாட்டோம். முன்னால் உள்ள நிறுத்துகட்டை இறப்பரால் ஆனது. கறை விடாத வகை கிடைக்கிறது, அதையே பூட்டுவோம். விழும்போது முழங்கால் காப்பின் பிளாஸ்டிக் மூடி சில நேரம் மங்கலான தடம் விடும். அது ஈரத்துணியால் போய்விடும், அன்றிரவே துடைத்துவிட்டுத்தான் போவோம். நாடாவை நாள்கணக்கில் விட்டால் பசை பிடித்துக்கொள்ளும் என்பதால் பயிற்சி முடிந்த கையோடு உரித்துவிடுவோம். கயிறு வைக்கவே மாட்டோம்.

ஏனென்றால், முழுத் தடமும் அதைச் சுற்றியுள்ள பத்தடிப் பாதுகாப்பு ஒழுங்கையும் சேர்ந்தால் ஏறத்தாழ 108 அடி நீளமும் 75 அடி அகலமும் வேண்டும். நமது மண்டபத்தின் அகலம் அதற்குப் போதாது. ஆட்டங்களை நாங்கள் அங்கே நடத்தப் போவதில்லை. சமநிலை, நிறுத்தம், சுவர் கட்டுதல், விழுந்தெழுதல் ஆகியவற்றைப் பயில ஒரு பாதித் தரை போதும். கோடையில் பனிச்சறுக்கு அரங்குகளில், பனிக்கட்டி இல்லாத சிமெந்துத் தரையில் ஆடிவிடுகிறோம். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அவை பனிச்சறுக்குக்குப் போய்விடும். அந்த ஏழு மாதந்தான் நாங்கள் கதவு கதவாகத் தட்டுகிறோம். செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை மண்டபம் வெறுமையாக இருக்கிறது என்பதை உங்கள் நாட்காட்டியிலேயே பார்த்தோம்.

ஏழு மாதமும் இப்போதே கேட்கவில்லை. நான்கு செவ்வாய்க்கிழமைகள் மட்டும் தந்து பாருங்கள். வழமையான வாடகைக்கு மேல் தரைக்கென ஒரு வைப்புப் பணமும் கட்டுகிறோம். பழுது ஏற்பட்டால் அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இப்போது பயிற்சி செய்யும் இடத்துக்கு உங்களில் எவரேனும் வர வேண்டும் என்று அழைக்கிறேன். முகவரியைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மண்டபத்தைத் துப்புரவு செய்யும் ஐயாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். பயிற்சி முடிந்ததும் அவரே குனிந்து தரையைத் தடவிப் பார்க்கட்டும். தரையைப் பற்றி அவர் சொல்வதை நாங்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மண்டபத்துக்குப் பங்களித்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ஒரு தாய்,
தண்டனைப் பெட்டி நேரக் கண்காணிப்பாளர்,
ரொறன்ரோ